ஹாம்ப்டன் கோர்ட்டின் பூந்தொங்கல்

லண்டனுக்குத் தென்மேற்கே, தேம்ஸ் கரையில் நிற்கும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், மூன்றாம் வில்லியம் மன்னருக்காகக் கிறிஸ்டபர் ரென் எழுப்பிய அறைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போகிறவர்களின் கண்ணை ஓவியங்களும் சிம்மாசன விதானமும் இழுத்துக்கொள்ளும். அவற்றைச் சற்று ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். ஓக் பலகைகளைச் சட்டங்களுக்குள் அடக்கிய சுவர் அது. பலகையும் சட்டமும் சேருமிடத்தில் சுற்றிலும் ஒரு விளிம்புப் பட்டை ஓடுகிறது. நம் ஊர்த் தச்சர்கள் பீடிங் என்பார்களே, அந்த இனம். ஆனால் மூலையில் ஒண்டிக் கிடக்கும் பீடிங் அல்ல இது. சட்டத்தின் முகத்தைத் தாண்டி வெளியே வந்து, வயிறு தள்ளி வளைந்து, பிறகு உள்வாங்கி, பலகையின்மேல் மெல்ல இறங்கி முடிகிறது. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கே உரிய துணிச்சலான வளைவு. அடுத்த தலைமுறையினர் பட்டையைச் சட்டத்தின் முகத்துக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள்.

இந்தப் பட்டைக்கு ஒரு வேலை உண்டு. ஈரக்காற்றில் பலகை விரியும், காய்ந்த காற்றில் சுருங்கும். அதை ஆணியடித்து இறுக்கினால் பிளந்துவிடும். அதனால் சட்டத்துக்குள் தளர்வாகவே நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தினால் தெரியும் இடைவெளியை மூட ஏதாவது வேண்டும். தேவை இவ்வளவுதான், நாலு ரீப்பர் துண்டுகளை வைத்து அடித்தாலும் வேலை முடிந்துவிடும். அந்த இடத்தில் ஒருவர் ஒரு வளைவை வைக்கிறார், அதன் பக்கத்தில் ஒரு நூல் அகலத்துக்குத் தட்டையான பட்டியை விடுகிறார், அதற்கும் பக்கத்தில் கத்தி நுனி மட்டும் நுழையக்கூடிய கீற்றுப் பள்ளம் ஒன்றை ஓட்டுகிறார். யாரும் கேட்காமல் செய்தது. அந்த அறையின் அழகில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பேன்.

வெளிச்சத்தை வைத்துத்தான் இதைப் படிக்க முடியும். புடைத்த வளைவின்மேல் ஒளி படிப்படியாக மங்கும்; எந்த இடத்தில் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. தட்டையான பட்டியில் ஒளி ஒரே அளவாக நிற்கும். கீற்றுப் பள்ளத்தில் ஒளியே இறங்காது; அது ஒரு கறுப்புக் கோடாகவே தெரியும். ஓவியர் மை தொட்டு இழுக்க வேண்டிய கோட்டை, தச்சர் மரத்தைச் சிறிது கழித்தே பெற்றுவிடுகிறார். சன்னல் பக்கம் வெயில் நகர நகர வளைவின் மங்கல் இடம் மாறும், கறுப்புக் கோடு மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். அந்த அசையாத கோடு இருப்பதால்தான் அசைகிற நிழல் கண்ணுக்குப் புலப்படுகிறது. வளைவை மட்டும் வைத்துப் பள்ளத்தை விட்டுவிட்டால் பட்டை வழவழவென்று ஒரே மொத்தையாகிவிடும்.

நம் கோயில் அதிட்டானத்தைச் சுற்றி வந்தவர்களுக்கு இந்த இலக்கணம் புதிதல்ல. ஜகதியின் தட்டை முகம், குமுதத்தின் உருட்டு, கண்டத்தின் உள்வாங்கல், மேலே பட்டிகையின் கூரிய விளிம்பு என்று புடைப்பும் ஒடுக்கமும் மாறி மாறி வந்து வெயிலை வாங்கிப் பிரித்துத் தருவதைக் கருங்கல்லில் பார்த்திருக்கிறோம். ஐரோப்பியத் தச்சர் அதையே விரலிடை அளவுக்குள், மரத்தில், சன்னல் வெளிச்சத்துக்குச் செய்கிறார். அளவு சிறுத்துவிட்டதால் பிழைக்கு இடமும் சிறுத்துவிடுகிறது.

வளைவிலும் குலம் கோத்திரம் உண்டு. உரோமானிய வழி வந்த வளைவுகள் வட்டத்தின் துண்டுகள். காம்பஸ் வைத்து வரையலாம். கிரேக்க வளைவுகள் அப்படியல்ல. ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் நீண்டு தளரும்; காம்பஸுக்குப் பிடிபடாது. ஸ்டூவர்ட், ரெவெட் என்ற இருவர் ஏதென்ஸ் நகரின் பழங்கட்டடங்களை அளந்து வரைந்த நூலின் முதல் தொகுதி 1762 இல் வெளிவந்தது. அதன் பிறகு இந்த இரண்டாம் வகை வளைவு மெல்ல மெல்ல இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுக் கதவு நிலை வரைக்கும் இறங்கி வந்தது. பழங்கட்டடம் பார்க்கிறவர்கள் ஒரு கதவுச் சட்டத்தைத் தடவிப் பார்த்தே, இது எந்தத் தலைமுறை வேலை என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவார்கள்.

பட்டையின்மேல் பூவேலை சேரும்போது இன்னொரு நுட்பம் வருகிறது. எனக்கு இந்தக் கலையில் மிகப் பிடித்தது இதுதான். எந்தப் பூவேலையையும் எந்த வளைவிலும் வைத்துவிட முடியாது. முட்டையும் அம்பும் மாறி மாறி வரும் வரிசை, கால்வட்டமாகப் புடைத்த பட்டைக்கு உரியது. நுனி கூர்ந்த நீர்த்தாவர இலை வரிசை, மேலே புடைத்துக் கீழே குழியும் இரட்டை வளைவுக்கு உரியது. மணியும் வட்டும் கோத்த சரம், மெல்லிய அரையுருண்டைக்கு உரியது. காரணத்தை யோசித்தால் வியப்பாக இருக்கும். பட்டையைக் குறுக்கே அறுத்தால் தெரியும் வளைவு எதுவோ, அதே வளைவை எதிரில் நின்று பார்க்கும்போது பூவேலையின் விளிம்பு திரும்பச் சொல்கிறது. முட்டையின் விளிம்பு கால்வட்டத்தின் வளைவு; இலையின் விளிம்பு அந்த இரட்டை வளைவேதான். குறுக்கே அறுத்துப் பார்க்க வழியில்லாத பார்வையாளருக்கு, பட்டையின் உருவம் நேரெதிரே வரைந்து காட்டப்படுகிறது. பழைய கிரேக்கர் கண்ட பொருத்தம் இது. இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் யாரும் இதைவிட நல்லதைக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

மூலை திரும்பும் இடத்தில் கைவேலையை அடையாளம் காணலாம். நல்ல கைவேலையில் மூலையில் ஒரு இலை மடங்கி நிற்கும். இரண்டு பக்கமும் முழு முட்டைகளே வரும். சுவரின் நீளம் முட்டை எண்ணிக்கைக்குச் சரியாக அமையாது என்பதால், செதுக்குகிறவர் ஒவ்வொரு முட்டையையும் மயிரிழை அளவு நெருக்கியோ தளர்த்தியோ கணக்கை முடிப்பார். அளவுகோல் வைத்தால்தான் அந்த வேறுபாடு தெரியும். கண்ணுக்குத் தெரிவது, வரிசை மூச்சு விடுவது மட்டும். 18 ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புத் தூள், பசை, ஆளி விதை எண்ணெய், பிசின் எல்லாம் பிசைந்து, மர அச்சில் அழுத்தி எடுக்கும் பூவேலை பெருகியது. அதில் மூலைக்கு வந்ததும் பாதி முட்டையோடு அறுபட்டு நிற்பதைப் பல இடங்களில் காணலாம்.

இத்தகைய பட்டை ஓரிடத்தில் உடைந்து போனால், அதன் நகலை எப்படிச் செய்வது? வளைவை அளந்து அதே வளைவை வெட்டினால் போதும் என்று தோன்றும். அளப்பதிலேயே முதல் சிக்கல். பழைய வீடுகளில் பட்டையின்மேல் தலைமுறை தலைமுறையாகச் சாயம் ஏறியிருக்கும். கீற்றுப் பள்ளம் முழுதும் அடைபட்டு, கூர்விளிம்புகள் எல்லாம் மழுங்கியிருக்கும். ஊசிகள் வரிசையாக நகரும் அளவுச் சீப்பை அதன்மேல் அழுத்தினால் கிடைப்பது சாயத்தின் உருவமே தவிர மரத்தின் உருவம் அல்ல. அதனால் அனுபவமுள்ளவர்கள் சாயம் அதிகம் ஏறாத மூலையைத் தேடுவார்கள்: அலமாரியின் உட்புறம், சன்னல் கதவு மடங்கிப் பதுங்கும் பெட்டி, பிற்காலத்தில் எழுப்பிய தடுப்புச் சுவரின் பின்புறம். அப்படி ஒரு துண்டு கிடைத்துவிட்டால் பொன் கிடைத்த மாதிரி. கிடைக்காவிட்டால் ஓரிடத்தில் சாயத்தைக் கவனமாகக் களைய வேண்டும். பழைய சாயத்தில் ஈயம் உண்டு. தூசி பறக்க உரசக்கூடாது.

அளந்த பிறகு இன்னொரு கேள்வி. மரம் நீளவாக்கில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம், குறுக்குவாக்கில் சுருங்கும். இன்று நாம் அளப்பது சுருங்கி முடிந்த உருவம். மூலை இணைப்புகளின் உட்புறம் இலேசாக வாய் பிளந்திருப்பது அந்தச் சுருக்கத்தின் சாட்சி. புதுப் பட்டை பழையதன் தொடர்ச்சியாக ஒட்ட வேண்டுமானால் இன்றைய உருவத்தையே வெட்ட வேண்டும். ஒரு சுவர் முழுவதையும் புதிதாகச் செய்வதானால் அன்றைய தச்சர் நினைத்த உருவத்தை வெட்டலாம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. முடிவைக் கேட்டால், அது எங்கே ஒட்டப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் நல்ல தச்சர் பதில் சொல்வார்.

அடுத்தது கருவி. அன்று பட்டைகளை மோல்டிங் இழைப்புளியால் இழைத்தார்கள். ஒல்லியான மரக்கட்டை, அதன் அடிப்பாகமே பட்டையின் எதிருருவம். புடைப்பு வேண்டுமானால் அடி குழிந்த இழைப்புளி, குழிவு வேண்டுமானால் அடி புடைத்த இழைப்புளி. இப்படிக் குழிவும் புடைப்புமாக இணை இணையாக, சிறிதிலிருந்து பெரிதுவரை 18 எண்கள் கொண்ட தொகுதி இங்கிலாந்தில் நடப்புக்கு வந்தது. அதில் பாதித் தொகுதி கையில் இருந்தாலே பெரும்பாலான வளைவுகளைச் சேர்த்துக் கட்டிவிடலாம். முதலில் சதுரப் படிகளாக வெட்டிக் கழித்து, எஞ்சிய முனைகளை இழைப்புளி உருட்டிச் செல்லும். கடைசி இழைப்பில் நீளமான ஒரே சுருளாகச் சீவல் வந்தால், அதற்குப் பிறகு அந்த முகத்தை யாரும் தொட வேண்டியதில்லை. அலகு விட்டுப்போன முகம் பளிங்காக இருக்கும். விளிம்புகள் கத்தியாக இருக்கும்.

சுழலும் அலகு கொண்ட எந்திரம் இப்படி வெட்டுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு குழியைத் தோண்டிக்கொண்டே போகும். பட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அடுத்தடுத்த அலைகள் தெரியும். அலையை மறைக்க உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். அலை போகும், கூடவே விளிம்புகளின் கூர்மையும் போகும். வளைவு மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தும் சுவரில் பொருத்தியதும் பட்டை மந்தமாகத் தெரிவதற்கு இதுவே காரணம். கறுப்புக் கோடு சாம்பல் கோடாகிவிடுகிறது. எந்திரத்தை நான் குறை சொல்ல வரவில்லை. நூற்றுக்கணக்கான அடிக்கு எந்திரமே ஓட்டட்டும். கடைசி இழைப்பை மட்டும் கை இழைப்புளிக்கு விட்டுவைத்தால் அந்தக் கூர்மை திரும்பி வந்துவிடும். செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆக, நகலெடுப்பவர் பின்தொடர வேண்டியது உருவத்தை மட்டுமல்ல, அந்த உருவம் எந்த வரிசையில், எந்தக் கருவியால் பிறந்ததோ அந்த வேலையையும் சேர்த்துத்தான்.

ஹாம்ப்டன் கோர்ட்டில் இது பெரிய அளவில் சோதனைக்கு வந்தது. 1986 மார்ச் 31 அன்று மன்னரின் அறைகளுக்கு மேலிருந்த குடியிருப்பில் தீப்பிடித்தது. அங்கே குடியிருந்த மூதாட்டி ஒருவர் இறந்து போனார். கூரை சரிந்து, எரிந்த உத்தரங்களும் தீயணைப்பு நீரும் கீழ்த்தள அறைகளுக்குள் இறங்கின. சுவர்ப் பலகைகளின்மேல் தொங்கியவை கிரின்லிங் கிப்பன்ஸ் செதுக்கிய பூவேலைகள். அவற்றில் பெரும்பாலானவை தப்பின. சில கருகின, உடைந்தன. ஏழடி நீளமுள்ள ஒரு பூந்தொங்கல் மட்டும் முற்றாக எரிந்து போயிற்று.

கிப்பன்ஸ் 1648 இல் ராட்டர்டாம் நகரில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளவயதில் இங்கிலாந்து வந்தார். 1671 இல் டெப்ட்ஃபோர்டில் ஒரு குடிசைக்குள் அவர் செதுக்கிக்கொண்டிருந்ததை நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் சன்னல் வழியே கண்டு அரசவைக்கு அறிமுகம் செய்தார். அதற்கு முன் ஆங்கிலேயச் செதுக்கு வேலைக்கு ஓக்தான் மரம். கிப்பன்ஸ் எடுத்துக்கொண்டது லிண்டன். ஆங்கிலத்தில் அதை லைம் என்பதால் எலுமிச்சை என்று நினைத்துவிட வேண்டாம். உறவே இல்லாத மரம். வெளிறிய நிறம், நெருக்கமான இழை. இழையோடும் வெட்டலாம், இழைக்குக் குறுக்கேயும் வெட்டலாம். இரண்டு பக்கமும் வெட்டு சுத்தமாக விழும். ஓக் மரத்தில் ஒரு இதழை மெலிதாக்கப் போனால் இழை பிரிந்து சிம்பாகிவிடும்.

அவர் பூக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல. சுவரிலிருந்து விலகி நிற்பவை. ஒரு வீட்டில் அவர் செதுக்கி வைத்த பூச்சாடி, தெருவில் வண்டி போகும்போதெல்லாம் அதிர்ந்து ஆடியதாக 18 ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் எழுதிவைத்திருக்கிறார். அதே வால்போல், கிப்பன்ஸ் மரத்தில் செதுக்கிய லேஸ் கழுத்துப்பட்டி ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வெளிநாட்டு விருந்தாளிகளை வரவேற்றவர். அந்தக் கழுத்துப்பட்டி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டாணிக் காய் அவர் வேலையில் திரும்பத் திரும்ப வரும். கூலி வந்த வேலைக்குக் காயைத் திறந்தும் வராத வேலைக்கு மூடியும் செதுக்கினார் என்பது சுவையான கதை; ஆதாரம் எதுவும் இல்லை.

இந்த மெல்லிய தோற்றத்துக்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. இதழின் விளிம்பு தாள் அளவுக்கு மெலிந்திருப்பதாக எதிரில் நிற்பவருக்குத் தெரியும். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால், விளிம்பிலிருந்து உள்ளே போகப் போக இதழ் தடித்துக்கொண்டே போகும். பின்புறமிருந்து சரிவாகக் குடைந்து விளிம்பை மட்டும் மெலிதாக்கியிருக்கிறார். கண்ணுக்கு மென்மை, மரத்துக்கு வலு. பூங்கொத்து முழுவதும் ஒரே கட்டையும் அல்ல. அடுக்கடுக்காகத் தனித்தனிப் பலகைகளில் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பசையும் ஆணியும் வைத்துச் சேர்த்தது. மேலடுக்குப் பூவின் நிழல் கீழடுக்கு இலையில் விழும்போது உண்டாகும் ஆழத்துக்கு இந்த அடுக்கு முறைதான் காரணம். ஒரே கட்டையில் அவ்வளவு தூரம் உளி நுழையாது.

எரிந்துபோன தொங்கலை மறுபடி செதுக்கும் பொறுப்பு டேவிட் எஸ்டர்லி என்ற அமெரிக்கரிடம் வந்தது. கேம்பிரிட்ஜில் இலக்கிய ஆராய்ச்சி செய்தவர். லண்டன் பிக்கடில்லியில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தில் கிப்பன்ஸின் வேலையைக் கண்டு, படிப்பு வழியை விட்டு உளியை எடுத்தவர். அவருக்குக் கிடைத்தது ஒரு பழைய புகைப்படமும், தப்பிப் பிழைத்த மற்றத் தொங்கல்களும்தான். புகைப்படத்தில் முன்புறம் தெரியும், குடைவு தெரியாது. எந்தப் பூ எந்த அடுக்கைச் சேர்ந்தது, எங்கே ஒரு பலகை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதையெல்லாம், தப்பிய சிற்பங்களின் பின்புறத்தையும் பக்கங்களையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. சுவரிலிருந்து கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தால் மட்டுமே கிடைக்கும் காட்சி. தீ விபத்து அந்த வாய்ப்பைத் தந்தது என்று சொல்லவும் மனம் கூசுகிறது.

அவருடைய கண்டுபிடிப்புகளில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது மிகச் சிறிய ஒன்று. பக்க வெளிச்சத்தில் பழைய இலைகளின் முகத்தில் நுண்ணிய கீறல்கள் அடுத்தடுத்து ஓடுவது தெரிந்தது. உளித் தடமும் இல்லை, உப்புத்தாள் தடமும் இல்லை. இன்றைய உப்புத்தாள் அந்தக் காலத்தில் கிடையாது. தேடிப் போனதில் அவர் வந்து சேர்ந்தது ஒரு செடிக்கு. டச்சு நாணல் என்று அதற்குப் பெயர். இலையே இல்லாமல், கணுக்கணுவாக, உள்ளே துளையோடு வளரும் தண்டு; மேல்தோலில் நீளவாட்டில் வரிவரியாக மேடுகள், அவற்றில் சிலிக்கா நிறைந்திருக்கும். அந்தத் தண்டால் லிண்டன் மரத்தைத் தேய்த்துப் பார்த்தார். அதே கீறல்கள் விழுந்தன. அது தேய்த்த முகத்தில் ஒரு மென்மையான மினுக்கம் வருகிறது. இலையின் நரம்பு வாக்கிலேயே தேய்ப்பதால் கீறலும் நரம்பின் போக்கைச் சொல்கிறது. மூன்று நூற்றாண்டு பழைய ஒரு இலையின் பச்சைத் தோற்றத்துக்கு, வேறொரு செடியின் தண்டு காரணமாக இருந்திருக்கிறது. லேசர் ஒளியால் பரப்பை அளந்து கணினியில் ஏற்றி, எந்திரத் துரப்பணத்தால் உருவம் வெட்டும் வசதி இப்போது வந்துவிட்டது. முன்புறத்து உருவத்தை அது விரைவாகத் தந்துவிடும். பூவின் முதுகுப்புறக் குடைவுக்குள் வளைந்து நுழைய அதற்கு வழியில்லை. உருண்டை முனை அலகு நுழையாத இடுக்கை உளிதான் முடிக்க வேண்டும். அந்தக் கீறலையோ எந்த அளவுக்கோப்பும் தாங்கி வராது. யாராவது நாணலைத் தேடிக் கொண்டுவந்து, நரம்பு ஓடும் திசை பார்த்துத் தேய்க்கத்தான் வேண்டும்.

உளியின் தடமும் இப்படித்தான் பேசுகிறது. வளைந்த அலகுள்ள உளியை நேராக ஊன்றி ஒரு தட்டுத் தட்டினால், இதழின் ஒரு பக்க விளிம்பு ஒரே வெட்டில் விழுந்துவிடும். அப்படி விழுந்த விளிம்பில் இடறலே இருக்காது. அதே வளைவைச் சிறிய உளியால் கொத்திக் கொத்தி வரவழைத்தால், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிறு மூட்டுகள் தெரியும். பழைய பூவின் அடியில் எஞ்சியிருக்கும் ஊன்று தடத்தோடு தன் உளிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால், அன்று எந்த வளைவுள்ள உளி பயன்பட்டது என்பது தெரிந்துவிடும். உளி தெரிந்தால், இதழ் ஏன் அந்த அகலத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். பூவைப் பார்த்து உளியைத் தேர்ந்தார்கள் என்று நாம் நினைப்போம். பல இடங்களில் கைக்கு வந்த உளியின் வளைவே பூவின் அளவை முடிவு செய்திருக்கிறது.

மன்னரின் அறைகள் 1992 இல் மறுபடி திறந்தன. எஸ்டர்லியின் தொங்கல் அதன் இடத்தில் ஏறியது. ஆனால் ஒரு வழக்கு முடியாமல் நிற்கிறது. அது நிறத்தைப் பற்றியது. இன்று நாம் காணும் கிப்பன்ஸ் தேன் நிறமாகவோ கரும்பழுப்பாகவோ இருப்பார். பிற்காலத்தார் பூசிய மெழுகும் எண்ணெயும் வார்னிஷும் சேர்ந்து கொடுத்த நிறம் அது. கிப்பன்ஸ் கையிலிருந்து வெளிவந்தபோது லிண்டன் பூக்கள் பூச்சு எதுவுமின்றி வெளிறி இருந்தன. பின்னால் ஓக் பலகை அடர் நிறத்தில் நின்றது. வெளிர்ப்பூவும் கரும்பலகையும் எதிரெதிராக நிற்கும்படி திட்டமிட்ட வேலை. இரண்டும் பழுப்பாகிவிட்டதால் பூவின் வெளிக்கோடு பலகைக்குள் கரைந்துவிட்டது. பழைய வெளுப்பை மீட்க வேண்டும் என்று எஸ்டர்லி வாதாடினார். அந்த வாதம் வெல்லவில்லை.

பழுப்பும் ஒரு வரலாறுதான், அதைக் கழுவித் தள்ள யாருக்கும் உரிமையில்லை என்பவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. களைந்த மெழுகைத் திரும்பப் பூச முடியும், ஆனால் களையும்போது நாணல் கீறலும் சேர்ந்து போய்விட்டால் அதை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனாலும் நான் எஸ்டர்லி பக்கம்தான் நிற்பேன். அந்தக் குடைவுகள், அந்த அடுக்குகள், அந்தத் தாள் விளிம்புகள் எல்லாம் வெளிர் மரத்தில் நிழல் விழுவதற்கென்று செய்தவை. பழுப்பின்மேல் விழும் நிழலில் பாதி தெரிவதில்லை. ஒரு சன்னலுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு தொங்கலையாவது செதுக்கிய நாளின் வெளுப்பில் விட்டுவைத்தால், கிப்பன்ஸ் எதற்காக அவ்வளவு ஆழம் குடைந்தார் என்பதை வருகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.